ஜீப்புக்கு ஒரு வயது, கிராஸுக்கு ஒரு வயது



அரசாங்க ஜீப் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பி.டி.ஓ. ஜீப்தான். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, வட்டார அலுவலகம் என்றாலே வாசலில் ஒரு ஜீப் என்று ஆயிற்று. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து ஏரிக்கரைகளிலும் பாலாற்று மணலிலும் கார் போகாது. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பாகம் பாகமாக இணைத்து விற்க ஆரம்பித்த மகிந்திரா நிறுவனம், பிறகு உள்நாட்டிலேயே அதைத் தயாரித்தது.

இன்று எழுதப்போவது அந்த ஜீப்பின் அடியில் சுழலும் தண்டைப் பற்றி. காரணம் உண்டு. பழைய ஜீப்பை வாங்கி, பட்டை ஸ்பிரிங்கை மாற்றி உயரம் கூட்டி ஓட்டும் ஆசை இப்போது பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பேரன் இருக்கலாம்.

கியர் பெட்டியிலிருந்து சக்கர அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு போவது புரொப்பல்லர் ஷாஃப்ட். பள்ளம் மேட்டில் அச்சு ஏறி இறங்கும். கியர் பெட்டி அசையாது. ஆகவே தண்டின் இரு முனையிலும் மடங்கும் மூட்டு வேண்டும். நம் மெக்கானிக்குகள் அதைக் கிராஸ் என்பார்கள், உள்ளே இருப்பது சிலுவை வடிவ இரும்பு என்பதால். நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் அதன் பெயர் கார்தான். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் கார்தானோவின் பெயர் அது. ஆங்கிலேயர்களோ 17ஆம் நூற்றாண்டில் தங்கள் நாட்டில் அதை ஆராய்ந்த ராபர்ட் ஹூக்கின் பெயரைச் சொல்வார்கள். மோட்டாருக்கு உகந்ததாக அதைச் செய்து கொடுத்தவர் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற அமெரிக்கர். 1904இல் நியூஜெர்சியில் அவர் தயாரிப்பைத் தொடங்கினார். அதற்கு முன் பல மோட்டார்கள் சைக்கிளைப்போல் சங்கிலியில் ஓடின.

இந்த மூட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. மடங்கிய நிலையில் சுழன்றால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். மடக்கு 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதவீதம். 20 டிகிரி என்றால் சுமார் 6 சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் ஆட்டம் நான்கு மடங்கு!

இரண்டு முனையிலும் மூட்டு வைத்ததன் சூட்சுமம் இங்கேதான். முன் மூட்டு கொடுக்கும் ஆட்டத்தைப் பின் மூட்டு சரிக்கட்டிவிடும். வரதர் புறப்பாட்டில் முன் தண்டு தாங்குகிறவர்களும் பின் தண்டு தாங்குகிறவர்களும் அடி பிசகாமல் நடந்தால்தானே பெருமாள் குலுங்காமல் வருவார்? அதேபோல் இரு மூட்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாக்கில் பூட்டப்பட்டிருக்கவும் வேண்டும். கழற்றி மாட்டும்போது தண்டின் இரு பாகத்திலும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரவேண்டும் என்பது அதற்காகத்தான்.

வண்டியை உயர்த்தும்போது இந்தக் கணக்கு கலைகிறது. பழைய ஜீப் குட்டை வண்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம்தான். தண்டும் குட்டை. 20 அங்குலத் தண்டு ஒன்றுக்கு 2 அங்குலம் உயர்த்தினால் கோணம் ஏறக்குறைய 6 டிகிரி கூடும். லாரியில் உள்ளதுபோல் 50 அங்குலத் தண்டானால் 2 டிகிரிக்குச் சற்று மேல்தான். போதாததற்கு, அச்சு கீழே இறங்க இறங்க, தண்டின் நடுவில் நீண்டு சுருங்கும் பல்வரிசை வெளியே இழுபடும், பிடிமானம் குறையும்.

அலுவலக லாக் புத்தகத்தில் தேதி உண்டு, கிலோமீட்டர் உண்டு, எரிபொருள் உண்டு. கோணத்துக்குக் கட்டம் கிடையாது. அதனால்தான் கிலோமீட்டரை வைத்து கிராஸின் ஆயுளைச் சொல்ல முடியாது. தார் ரோட்டில் நெடுங்காலம் உழைக்கும் கிராஸ், உயர்த்திய வண்டியில் சேற்றிலும் தண்ணீரிலும் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

பழைய டிரைவர்கள் அதன் வயதைக் கையால் பார்ப்பார்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, தண்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கியும் மேலும் கீழும் ஆட்டியும் பார்ப்பார்கள். மூட்டில் கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். சிலுவையின் மூடியோரம் செம்பொடி தெரிந்தால், கிரீஸ் வற்றி உள்ளிருக்கும் ஊசி பேரிங் துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். மெதுவாகப் போகும்போது தாளம் தப்பாமல் கீச் கீச்சென்ற சத்தமும், முன் கியரிலிருந்து ரிவர்ஸ் போடும்போது டொக் என்ற அடியும் எச்சரிக்கைகள். தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே புது கிரீஸ் அடித்துப் பழையதை வெளியேற்றுவார்கள்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. பழைய ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டியின் பின்னால், பின் தண்டு புறப்படும் இடத்தில் இருக்கிறது. ஏரிக்கரைச் சரிவில் அந்தத் தண்டு முறிந்தால் இழுவை மட்டுமல்ல, பின் சக்கரத்துக்குக் கியரின் பிடியும் கைபிரேக்கின் பிடியும் சேர்ந்தே போய்விடும். அப்போது மிஞ்சுவது கால் பிரேக் ஒன்றுதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேரனுக்கு இதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே உயர்த்திய வண்டியை வாங்கி வந்திருந்தால், பெயிண்டைப் பார்த்து மகிழும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அடியில் படுத்து, அந்தத் தண்டை ஒரு முறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.