கூட்டுப் பாய்வு

கனமான அணுக்கருக்கள் ஏறத்தாழ ஒளிவேகத்தில் மோதிச் சிதறும்போது, வெளிவரும் துகள்கள் தனித்தனியே தெறிக்காமல் நீர்மம்போல் ஒருங்கே நகரும் இயல்பு கூட்டுப் பாய்வு எனப்படும்.

இரு கருக்கள் மையம் விலகி மோதினால் அவை மேற்பொருந்தும் பகுதி பாதாம் பருப்பின் வடிவம் கொள்ளும். அதன் குறுகிய பக்கத்தில் அழுத்தச் சரிவு மிகுதி. ஆகவே அத்திசையில் கூடுதல் துகள்கள் பாயும். இது நீள்வட்டப் பாய்வு. கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான்களின் அமைவிடம் மோதலுக்கு மோதல் மாறுவதால் மேற்பொருந்தும் பகுதி முக்கோணச் சாயலும் பெறும்; அதிலிருந்து முக்கோணப் பாய்வு தோன்றுகிறது.

1984இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் கூட்டுப் பாய்வு உறுதியானது. நீள்வட்டப் பாய்வை அதன் அடையாளமாக 1992இல் முன்மொழிந்தவர் இயற்பியலாளர் ழான்-ஈவ் ஒலித்ரோ. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்திலுள்ள ஆர்எச்ஐசி முடுக்கியில் 2000 முதல் நடந்த பொன் அணுக்கரு மோதல்களில் அது வலுவாகத் தென்பட்டது. அங்கு உருவான குவார்க்-குளுவான் பிளாஸ்மா (புரோட்டான், நியூட்ரான்களின் உட்கூறுகள் விடுபட்டு உலவும் பொருள்நிலை) மிகக் குறைந்த பாகுநிலை கொண்ட நீர்மம் என 2005இல் அறிவிக்கப்பட்டது. 2010இல் ஐரோப்பிய ஆய்வகமான செர்னின் ஈய அணுக்கரு மோதல்களும் இதையே காட்டின.

இத்துறையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தின் தலைமையில் உருவான ஃபோட்டான் எண்ணிக்கை உணர்கருவி, புரூக்ஹேவனின் ஸ்டார், செர்னின் ஆலிஸ் ஆகிய இரு ஆய்வுகளிலும் இயங்கியது. செர்னின் சிஎம்எஸ் ஆய்வுக் கூட்டமைப்பில் சென்னை ஐஐடி அங்கம் வகிக்கிறது.