ஒரு வழி அடைபட்டால் மறு வழி

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. ஒன்று நின்றால் மற்றொன்றில் போய்ச் சேரலாம். ஆனால் ஒரே வெள்ளம் இரண்டையும் மறித்துவிட்டால் என்ன செய்வது? செய்தித் தொடர்பின் வரலாற்றிலும் இக்கேள்வி எழுந்துள்ளது.

1870ஆம் ஆண்டிலேயே இந்தியாவையும் இங்கிலாந்தையும் இரண்டு தந்தி வழிகள் இணைத்தன. ஒன்று பாரசீகம், ருஷ்யா வழியாகச் சென்றது. மற்றொன்று பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாகக் கடலடியில் சென்றது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியே சிங்கப்பூருக்கும் கடலடி வடம் கிடைத்தது. இவ்வாறு கிழக்கே ஒரு வாயில் திறந்தது.

அவ்வாயிலின் அருமை 2008இல் விளங்கிற்று. அவ்வாண்டு ஜனவரி 30ஆம் நாள், எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்னும் இரு கண்ணாடியிழை வடங்கள் அறுந்தன. மேற்கு நோக்கிய நமது இணையத் தொடர்பின் பெரும்பகுதி முடங்கிற்று. செய்திகளைச் சென்னை, சிங்கப்பூர் வழியாகப் பசிபிக் கடலைச் சுற்றி அனுப்பினர். வேலை நடந்தது, வேகம் குறைந்தது. கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். பாதை 10,000 கிலோமீட்டர் நீண்டால், போய்வர 0.1 விநாடி கூடும். வழியில் நெரிசல் வேறு!

இதே தத்துவம் இன்றைய கணிப்பொறிக் கூடத்தினுள்ளும் செயல்படுகிறது. ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகள்போல் இயங்கச் செய்யும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் வி.எம்./370 என்னும் பெயரில் விற்பனைக்கு அறிவித்தது. 2001இல் வி.எம்.வேர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ். அதைச் சாதாரண சர்வர்களுக்கும் கொண்டுவந்தது. இந்த மெய்நிகர் கணிப்பொறிகளின் தகவல்கள் பெரும்பாலும் தனியான சேமிப்புப் பெட்டகத்தில் இருக்கும். இடையிலுள்ள ஒரே கம்பி அறுந்தால் அத்தனையும் ஒருசேர நின்றுவிடும் அல்லவா?

ஆகவே சர்வரில் இரு இணைப்பு அட்டைகள், நடுவே இரு ஸ்விட்சுகள், பெட்டகத்தில் இரு கட்டுப்பாட்டுக் கருவிகள் வைக்கிறார்கள். ஒவ்வொரு அட்டையும் தன் ஸ்விட்சு வழியே இரு கருவிகளையும் எட்டும். ஆக 4 வழிகள். ஒரே வட்டு நான்காகத் தெரியும். அடையாள எண்ணைக் கொண்டு நான்கும் ஒன்றே என அறிவது மல்டிபாத்திங் மென்பொருளின் முதல் வேலை. ஒரு வழியில் விடை வராவிட்டால், அதை மூடிவிட்டு, நிலுவையிலுள்ள கட்டளைகளை மறு வழியில் அனுப்பும். அதே இடத்தில் அதே எழுத்தை மீண்டும் எழுதுவதால் கெடுதல் இல்லை. மெய்நிகர் கணிப்பொறி உணர்வது சில விநாடித் தாமதத்தை மட்டுமே.

ஒரு வழி பழுதாகும் வாய்ப்பு 100இல் 1 என்று கொள்வோம். இரண்டும் ஒருங்கே பழுதாகும் வாய்ப்பு 10,000இல் 1. ஆனால் அவை ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே இக்கணக்குப் பொருந்தும். இரு ஸ்விட்சுகளும் ஒரே மின்செருகியில் இருந்தால், அங்கேயும் ஓர் அலெக்சாந்திரியா உண்டு! எத்தனை வழிகள் என்பதோடு, அவை எங்கே ஒன்று சேர்கின்றன என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.