நொய்யலின் உப்புக் கணக்கு



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதட்டுமா அண்ணா?" என்றேன். "அதைத்தான் எல்லாரும் எழுதுறாங்க. நீயாச்சும் உருப்படியா ஒண்ணு எழுதுப்பா" என்று சொல்லிவிட்டார். உருப்படியாக என்றதும் ஞாபகம் வந்தது நொய்யல் ஆறு. கூடவே, நான் போட்ட ஒரு கையெழுத்து.

2011 ஜனவரி 28. நாங்கள் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தோம். திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது அன்றுதான். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள்! என் அறை நண்பனின் அப்பா ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். "அப்பாவுக்கு இனிமே சம்பளம் இல்லடா" என்று அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அதே இரவு சென்னிமலைப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் பெரியப்பா போன் செய்தார். "இப்பவாச்சும் மூடுனாங்களே தம்பி" என்றார். ஒரே தீர்ப்பு, ஒரு வீட்டில் அழுகை, இன்னொரு வீட்டில் நிம்மதி. யாருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் பேசாமல் சாப்பிடப் போய்விட்டேன்.

கதை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். வழியெல்லாம் அணைக்கட்டுகள், வாய்க்கால்கள், குளங்கள் என்று கட்டி, வருகிற கொஞ்சத் தண்ணீரையும் வீணாக்காமல் வைத்திருந்தார்கள் நம் முன்னோர். 1970களின் பிற்பகுதியில் திருப்பூர் பனியன் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியது. 1980களில் ஏற்றுமதி சூடு பிடித்தது. வெள்ளை பனியன் போய் கலர் டி-ஷர்ட் வந்தது. கலர் வந்தால் சாயம் வரவேண்டும். சாயம் வந்தால் கழிவும் வருமல்லவா?

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 60, 80 கிராம் வரைகூடப் போடுவார்கள். அந்த உப்பு துணியோடு போவதில்லை. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு, அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். 1990களின் பிற்பகுதியில் நீதிமன்ற நெருக்குதலால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை நிறத்தை எடுத்தன, நாற்றத்தைக் குறைத்தன. உப்பை எடுக்கவில்லை. வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதாவது வெறும் 2.1 கிராம்! பார்வைக்குத் தெளிவாக இருந்த தண்ணீர்தான் பயிரைக் கொன்றது.

1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. அதில் தேங்கியது சாயக்கழிவு. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. கடைசியில், "அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்" என்று விவசாயிகளே போராட வேண்டியதாயிற்று. அணை வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயி சொல்லும் கொடுமையை வேறெங்கே பார்த்திருக்கிறோம்?

1996-இல் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு தந்தது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்றது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது: ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக் கூடாது, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசா கணக்கில் பணம் கட்டவேண்டும். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளின் முறையீட்டை ஏற்கவில்லை. அப்படியும் நடக்காததால்தான் 2011 உத்தரவு.

இதில் வில்லன் யார் என்று தேடினால் ஆள் கிடைக்காது. வெளிநாட்டு வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டான். ஏற்றுமதியாளர் சாயக் கூலியைக் குறைத்தார். பட்டறைக்காரர் குறைக்க முடிந்த ஒரே செலவு சுத்திகரிப்பு. கடன் கொடுத்தவர்கள் ஆர்டரைப் பார்த்தார்கள், ஆற்றைப் பார்க்கவில்லை. லாபம் கம்பெனிப் புத்தகத்தில் ஏறியது. நஷ்டம் என் பெரியப்பா கிணற்றில் ஏறியது. அந்தக் கிணற்றுக்கு ஆடிட்டர் கிடையாதே!

2011-இல் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் வைத்து நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தண்ணீரின் பெரும்பகுதியும் உப்பும் மீண்டும் சாயத் தொட்டிக்கே போகின்றன. முடியவே முடியாது என்று சொல்லப்பட்டதைத் திருப்பூர் செய்து காட்டியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எவாப்பரேட்டர் எரிபொருளைத் தின்னும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும். வேலை முடிந்துவிடவில்லை.

இனி அந்தக் கையெழுத்து. திருப்பூர் மூடிக் கிடந்தபோது ஆர்டர்கள் வெளியூர்களுக்கு நகர்ந்தன. அப்படி ஒரு ஊரில், ஒரு பட்டறையின் கழிவுநீர்ப் பிரிவில் எனக்கு முதல் வேலை. ஒரு நாள் மீட்டர் காட்டியது ஒன்று. ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னது வேறு. "எல்லா இடத்துலயும் இப்படித்தான் தம்பி, போட்டுட்டுப் போங்க" என்றார் மேலாளர். கல்லூரியில் தொழில்நெறிப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன் நான். போட்டேன். நான்கு மாதம் தினமும் போட்டேன். பிறகு வேலையை விட்டேன். தைரியத்தால் அல்ல, வேறு வேலை கிடைத்ததால். அந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். விலைக்கு வாங்கிய தண்ணீர். தொண்டையில் இறங்கவில்லை.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மலரைப் படிக்கப் போகிறவர்களில் கம்பெனி நடத்துகிறவர்கள் உண்டு, பேங்கில் கடனுக்குக் கையெழுத்திடுகிறவர்கள் உண்டு, வகுப்பெடுக்கும் பேராசிரியர்கள் உண்டு. முதலாளி நண்பர்களே, உண்மையான ரீடிங் எழுதும் ஜூனியரை வேலையை விட்டு அனுப்பாதீர்கள். பேங்க் நண்பர்களே, கழிவு எங்கே போகிறது என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கடன் கொடுங்கள். பேராசிரியர்களே, தொழில்நெறிப் பாடத்தை ஒரு நாள் ஒரத்துப்பாளையம் அணைக்கரையில் வைத்து நடத்துங்கள். அங்கே சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த ரெஜிஸ்டர் முன்னால் என் கை கொஞ்சமாவது நடுங்கியிருக்கும்.

என் அறை நண்பன் இந்த வருடக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய அப்பாவும் என் பெரியப்பாவும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இருவரையும் அழைத்துவரலாமா என்று கேட்டிருக்கிறேன். வந்தால், எங்கள் மேஜைக்கு நீங்களும் வாருங்கள்.