பூசண நஞ்சும் ஆரஞ்சு நிற நுண்ணுயிரும்



நெரவியில் இரண்டு நாளாக விட்டுவிட்டு மழை. பூசணம் பிடித்த கடலையைக் கழுவி வறுத்தால் சரியாகிவிடுமா சார் என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். ஆகாதம்மா. அதில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. மாட்டுக்கும் வைக்காதே, பாலில் வந்துவிடும். இந்த நஞ்சை எப்படி எடுப்பது என்று அறுபது வருடமாக அலைகிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. காரணம், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கு. நம் பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து மார்செய்க்குக் கடலை கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. அன்று இந்த நஞ்சுக்குப் பெயர்கூடக் கிடையாது. வான்கோழிச் செய்தி நம் நாட்டையும் கலக்கியது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அதற்கு முன்பே கடலை மாவில் சத்துணவு தயாரித்திருந்தது. 1967ல் அங்குள்ளவர்களே ஹைட்ரஜன் பெராக்சைடால் நஞ்சை அழிக்கும் வழியை வெளியிட்டார்கள்.

அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வகத்தில் சீக்லர் குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். சுமார் ஆயிரம் நுண்ணுயிர்களைச் சோதித்ததில் ஃபிளேவோபாக்டீரியம் ஆரண்டியாக்கம் என்ற ஒரு பாக்டீரியா மட்டும் நஞ்சை மீண்டு வராதபடி நீக்கியது. பால், எண்ணெய், கடலை, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் வேலை செய்தது. வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், புதிய நஞ்சு எதுவும் உண்டாகவில்லை. பிறகென்ன தடை? அதன் நிறம்தான்! ஆரண்டியாக்கம் என்றாலே ஆரஞ்சு நிறத்தது என்று பொருள். அந்த நிறம் உணவில் ஏறினால் யார் வாங்குவார்கள்? சரி, அதன் நொதியை மட்டும் பிரித்தெடுக்கலாமே என்பீர்கள். வேலையைச் செய்வது நொதிதான் என்பதற்கு முதல்கட்ட ஆதாரம் வரவே 2000 ஆயிற்று.

இட்லி மாவு புளித்தால் போய்விடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். லாக்டோபேசில்லஸ் வகைகள் நஞ்சைத் தம் செல்சுவரில் ஒட்டவைத்துக்கொள்ளும், உடைக்காது. ஒட்டியதில் ஒரு பங்கு கழன்றும் வரும். அதை நம்பக் கூடாது.

இதற்கிடையில் 1974ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும் அறுவடை நேரத்து மழையில் மக்காச்சோளம் நனைந்து பூசணம் பூத்தது. ஏழைப் பழங்குடிகள். அதைக் கொட்டிவிட்டுச் சாப்பிட அவர்களிடம் வேறென்ன இருந்தது? மஞ்சள் காமாலை கண்டு, வயிறு வீங்கி, நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. அவர்களுக்குப் பெராக்சைடும் எட்டவில்லை, பியோரியா பாக்டீரியாவும் எட்டவில்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் மையம் இதுதான்.

1995ல் மறுபடியும் மழை. தக்காணத்துக் கிராமங்களில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் தின்றவர்களுக்கு வயிற்றுவலி, பேதி. இம்முறை ஃபியூமோனிசின் என்ற வேறொரு பூசண நஞ்சு. அதை உடைக்கும் நொதிக்கு 2014ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது, பன்றித் தீவனத்தில் கலக்க. நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். பன்றியின் குடலில் அது இருக்கிறது. மூட்டையில் காய்ந்து கிடக்கும் தானியத்தில் இல்லை, அங்கே ஈரத்தை விட்டால் முதலில் முளைப்பது பூசணம்தான்.