கல்லில் ஏறிய நான்கு உயிர்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனுடையது. ஊரில் அவன் பெயரால் எழுந்த சிவன் கோயிலுக்கான கொடையையும், அங்கே பாரதம் வாசிப்பதற்கான ஏற்பாட்டையும் வடமொழியிலும் தமிழிலும் எழுதிவைத்த 7-ஆம் நூற்றாண்டு ஏடு அது. அவன் மகன் இராசசிம்மன் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் 'வீணா நாரதன்' என்று தன் பட்டப்பெயரைப் பொறித்துக்கொண்டான். வீணையும் எழுத்தும் அரண்மனையில் சேர்ந்தே புழங்கிய அந்தக் காலத்தில்தான் சுருதிக்கும் எழுத்து வந்தது.

அந்த எழுத்து காஞ்சியில் இல்லை. தெற்கே, புதுக்கோட்டை வட்டாரத்துக் குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இருக்கிறது. மத்திமகிராமம், ஷட்ஜகிராமம் முதலான ஏழு பண்முறைகளுக்கு, நந்நான்கு சுரங்களாகக் கோத்து வரிவரியாகக் கிரந்தத்தில் வெட்டியிருக்கிறார்கள். ருத்ராசாரியரின் மாணாக்கனான அரசன் ஒருவன் மாணவர் நலனுக்காகச் செய்தது என்று கல்லே சொல்கிறது. அதில் ரிஷபம் வெறும் 'ரி' அல்ல. ர, ரி, ரு, ரே. காந்தாரம் க, கி, கு, கே. ஒரு மெய்க்கு நான்கு உயிர்.

இந்த உயிர்களைச் சுருதி வேறுபாடாகப் படித்த அறிஞர் உண்டு. அப்படிப் படித்தால் எவ்வளவு நுட்பம் என்பதற்கு 90 செ.மீ. தந்தி ஒன்று போதும். 80 செ.மீ.யில் அழுத்தி மீட்டினால் 9/8 ரிஷபம், 81-இல் 10/9. இன்னும் கீழே 84.4-இல் 16/15, 85.4-இல் 256/243. நான்கு ரிஷபங்கள், மேல் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சென்டிமீட்டர்.

என்னை அதிகம் உலுக்குவது ஸ, ஸி, ஸு, ஸே. ப, பி, பு, பே. இன்று நாம் அசையாதவை என்று கற்பிக்கும் ஷட்ஜ பஞ்சமங்களுக்கும் அங்கே நான்கு உயிர் உண்டு. மத்திமகிராமத்தின் பஞ்சமம் ஒரு சுருதி தாழ்ந்தது என்று பரதர் காலம் முதல் சொல்லிவருகிறார்கள். நம் தந்தியில் அது 60-க்குப் பதில் 60.75 செ.மீ. தம்புரா வந்து ஆதார சுருதியை நிறுத்துவதற்கு முந்திய உலகம் அது.

சுரத்துக்கு உயிரெழுத்தை வைக்கும் வழி தமிழுக்குப் புதிதும் அல்ல. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களுக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்ற நெடில்களை எழுத்தாக வைத்தது நம் மரபு.

ஆயிரம் ஆண்டு கழித்துத் தஞ்சையில் உயிர்கள் மறுபடி தலைகாட்டுகின்றன. விசயராகவ நாயக்கர் காலத்து வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் 72 மேளங்களைக் கணக்கிட ர, ரி, ரு; க, கி, கு என்று எழுதினார். நான்கு மூன்றாயிற்று, ஸவும் பவும் உயிர்மாற்றத்தை இழந்தன. அதைவிடப் பெரிய மாற்றம், எழுத்து சுட்டும் பொருளில்தான். ரிக்கும் கவுக்கும் ஒரே இடம், ருவுக்கும் கிக்கும் ஒரே இடம் என்று பதினாறு பெயர்கள் பன்னிரண்டு ஸ்தானங்களில் அடங்கின. 72 மேளம் என்ற மாபெரும் கட்டுமானம் இதனால்தான் நின்றது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்து இப்போது வீணை மெட்டின் பெயர், விகிதத்தின் பெயர் அல்ல. விகிதத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலை மெழுகில் மெட்டைப் பதித்து மேளம் கட்டுபவரின் காதுக்கும், தந்தியை இழுத்துச் சுருதியை ஏற்றும் வாசிப்பவரின் விரலுக்கும் போய்விட்டது.

1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்குத் தனிக் குறிகள் தந்தது. 1917-இல் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 22 சுருதிக் கணக்கை மறுத்து, ஸ்தாயியை 24 சம பங்காக்கியது. பாடநூல்களோ உயிரைக் கழற்றிவிட்டு ரி1, ரி2, ரி3 என்று எண்ணைப் போட்டுக்கொண்டன. எண்ணைப் பார்க்கும் பிள்ளை ரி2 என்பது ஒரே புள்ளி என்று நம்புகிறது. ஆர்மோனியக் கட்டையும் அதையே சொல்கிறது.

அந்தர காந்தாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 5/4 என்றால் 72 செ.மீ.; ஸ–ப முறையில் நான்கு முறை ஏறி, ஸ்தாயி இறக்கி வரும் 81/64 என்றால் 71.1. இரண்டுக்கும் அச்சில் ஒரே பெயர், க3. தம்புராவோடு சேர்ந்து ஒலிக்கும்போது முதலாவது கரைகிறது, இரண்டாவது விலகி நிற்கிறது. பாடநூல் க3 என்று அச்சிடும் பக்கத்திலேயே இந்த இரு விகிதங்களையும், மாணவர் அளந்து மீட்டிப் பார்க்க இந்த இரு நீளங்களையும் போட வேண்டும். குடுமியான்மலைப் பாறையில் அவ்வளவு உளி வேலை மாணவருக்காகத்தானே நடந்தது.