கஞ்சியும் மடிப்பும்: சீருடை சொல்லும் வரலாறு

தோளிலிருந்து கைவிளிம்பு வரை ஓடும் ஒரு நேர்க்கோடு. காற்சட்டையின் முன்னும் பின்னும் விறைத்து நிற்கும் ஒரு மடிப்பு. இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். அரசர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் மட்டுமே வரலாறு என்று படித்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், உடுக்கும் துணிக்கும் எல்லை கட்டப்பட்ட ஒரு மக்களுக்கு, மடிப்புக் கலையாத சட்டை என்பது வெறும் அலங்காரம் அன்று. அது வென்றெடுக்கப்பட்ட உரிமை. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அந்த உரிமையின் கதையை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

சட்டைக்குத் தடை, ஏட்டுக்கும் தடை

1930ஆம் ஆண்டு டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதி திராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தலாகாது. சட்டை, கோட்டு, பனியன் அணியலாகாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது. பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேனியை மறைக்கலாகாது. பொன்நகையும் வெள்ளிநகையும் கூடா. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலும், காலுக்குச் செருப்பிடுதலும் கூடா. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்குதல் கூடாது. பெண்கள் பூச்சூடுவதும் மஞ்சள் பூசுவதும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, உடைமைகள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின.

அதோடு நின்றார்களா? இல்லை. 1931 ஜூன் மாதத்தில் தடைகள் பதினொன்றாயின. இம்முறை, ஆதி திராவிடர் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது, மிராசுதாரர்களின் மாடுகளை மேய்க்கவே செல்லவேண்டும் என்பவையும் சேர்ந்தன. இளைஞர்களே, இதைக் கூர்ந்து நோக்குங்கள். முதலில் சட்டையைப் பறித்த கை, ஆறு மாதத்துக்குள் ஏட்டையும் பறிக்க நீண்டது. உடையும் கல்வியும் ஒரே உரிமையின் இரு முகங்கள் என்பதை நம்மைவிட நம் பகைவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

படை கொடுத்த உடை

ஊர் மறுத்த உடையை நம் முன்னோருள் ஒரு பகுதியினர் வேறோரிடத்தில் பெற்றனர். 1780ஆம் ஆண்டில் சென்னைப் பயனியர் படை அமைக்கப்பட்டது. பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், கோட்டை தகர்த்தல் ஆகியவை அதன் பணிகள். அதன் வழிவந்ததே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். அப்படையில் நம் மக்கள் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். ஊரில் முழங்காலுக்கு மேல் முண்டு கட்டியவன், அங்கே பொத்தான் பூட்டிய மேற்சட்டையும் இடைவாரும் காலணியும் அணிந்து அணிவகுப்பில் நின்றான். 1846இல் பெஷாவரில் லம்ஸ்டன் அமைத்த வழிகாட்டிப் படையில் முதன்முதலாகப் புகுந்த காக்கி நிறம், பின்னர்ப் படைகள் எங்கும் பரவிற்று. ‘காக்கி’ என்பதற்குப் புழுதி நிறம் என்பது பொருள். புழுதியில் உழைத்தவன் புழுதி நிற உடையால் தலைநிமிர்ந்தது வரலாற்றின் விந்தையன்றோ!

இதனால் அந்நியப் படையைப் புகழ்ந்து பாடவேண்டும் என்பதில்லை. அது பேரரசைக் காக்க எழுந்த படை. வேண்டியபோது நம்மவரைச் சேர்த்தது. ‘போர் மரபினர்’ என்ற கொள்கையைப் பின்னர்க் கட்டிவிட்டு, வேண்டாதபோது ஒதுக்கியது. மராட்டிய மண்ணின் மகர் மக்களுக்கு 1892இல் படைக்கதவு அடைக்கப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் அமையும் வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஆயினும் படைவாழ்வு தந்த ஒரு பயன் பெரிது. படைக் குடியிருப்புகளில் பள்ளிகள் இருந்தன. அத்தகைய பள்ளியொன்றில் ஆசிரியராக விளங்கியவர் சுபேதார் ராம்ஜி சக்பால். அவருடைய மகனாக 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் பாளையத்தில் பிறந்தவரே அண்ணல் அம்பேத்கர். அங்கும் சீருடையும் ஏடும் ஒன்றாகவே வந்தன.

கஞ்சியின் வேலையும் அனலின் வேலையும்

படைவீரன் சீருடையை விறைப்பாக வைத்துக்கொள்வது எவ்வாறு? அதற்கு வேண்டியவை எளியவை. சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி நீர் கலந்து, அலசிய உடையை அதில் நனைத்துப் பிழிந்து உலர்த்துவர். முற்றும் காய்ந்த துணியின்மேல் நீர் தெளித்துச் சுருட்டி, ஈரம் எங்கும் சமமாய்ப் பரவும்வரை வைப்பர். பின்பு காற்சட்டையின் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு மடித்து, கொட்டாங்கச்சிக் கரியின் தணல் நிறைந்த இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்ப்பர். தேய்த்தவுடன் அணியாமல், ஆறும்வரை தொங்கவிடுவர். பெட்டி வாங்க இயலாதவர்கள் செம்பில் தணலிட்டுத் தேய்த்தனர். அதுவும் இயலாதவர்கள் மடித்துப் பாய்க்கடியில் வைத்து, அதன்மேல் படுத்து உறங்கினர்.

இதன் காரணத்தையும் அறிவியல் வழியில் அறிந்துகொள்வது நன்று. பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அதன் நுண்சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஈரமும் வெப்பமும் தளர்த்துகின்றன. அழுத்தம் இழைகளைப் புதிய நிலையில் கிடத்துகிறது. உலர்ந்து ஆறும்போது பிணைப்புகள் அந்நிலையிலேயே மீண்டும் இறுகுகின்றன. கஞ்சியின் மாவுப்பொருள் இழைகளின்மேல் படிந்து காய்ந்து, அவற்றை வளையாது தாங்குகிறது. ஈரம் மிகுந்தால் மடிப்பு நில்லாது; வெப்பம் மிகுந்தால் துணி கருகும்; கஞ்சி மிகுந்தால் திட்டுத்திட்டாய்ப் படியும். அளவறிந்து செய்வதே இதன் நுட்பம்.

இருளில் வெளுத்த கைகள்

இவ்விடத்தில் நம் நெஞ்சைத் தொட்டு நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் வண்ணார் நம் துணியைத் தொட மறுத்த காலத்தில், அதை வெளுத்துத் தந்தவர் யார்? புதிரை வண்ணார் என்னும் எளிய மக்கள். 1932 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வெளிவந்த செய்தியொன்று, அவர்கள் கண்ணால் காணவும் தகாதவர்களாக ஒதுக்கப்பட்டு, பகலில் வெளிவர இயலாமல், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே துணி வெளுத்தனர் என்று உலகுக்குக் கூறிற்று. அவர்கள் வெளுத்தவை யாருடைய துணிகள்? நம்முடையவை. ஊர் நம்மை வைத்த இடத்துக்கும் கீழே இவர்களை வைக்க, சாதியின் ஏணி வழி செய்தது. நம்மவரும் அந்த ஏணியில் ஒரு படி மேலிருப்பதாக எண்ணி இறுமாந்ததுண்டு. இதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது. நம் சட்டையின் வெண்மைக்கு அவர்கள் தம் உறக்கத்தையும் பகல் வெளிச்சத்தையும் விலையாகக் கொடுத்தனர். அந்தக் கடனை உணராதவனின் உடை எத்துணை விறைப்பாக இருந்தாலும், அவனுடைய நெஞ்சில் கோணல் இருக்கிறது.

நமக்குரிய பணி

1927 டிசம்பரில் மகாட் மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் தூய்மையைப் பற்றியும் உடையைப் பற்றியும் பேசினார். உடுத்தும் முறையைக் கண்டே ‘இவர் தீண்டத்தகாதவர்’ என்று பிறர் அடையாளம் காண இடந்தரலாகாது என்பது அவருடைய அறிவுரை. அப்பெண்கள் காலம் தாழ்த்தவில்லை. உடனே சேலை கட்டும் முறையை மாற்றிக்கொண்டனர். உடை மாறியதால் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால், சாதி குறித்துக் கொடுத்த அடையாளத்தைத் தாமே களைந்தெறியலாம் என்ற துணிவு அன்று பிறந்தது.

தமிழ்நாட்டில் 1985 முதல் சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கப்படலாயிற்று. இன்று நம் குழந்தைகளும் ஏனைய குழந்தைகளும் ஒரே நிறத்துணி அணிந்து ஒரே பலகையில் அமர்கின்றனர். கலப்பிழைத் துணியாதலால் பலவற்றுக்குக் கஞ்சியே தேவைப்படுவதில்லை. வசதி பெருகியது மகிழ்ச்சியே. ஆனால், அந்தத் துணி எவ்வளவு தொலைவு நடந்து நம்மை வந்தடைந்தது என்பதை அணிகின்ற பிள்ளை அறியவேண்டும்.

ஆகவே இளைஞர்களே, உங்கள் சீருடையை நீங்களே துவையுங்கள். நீங்களே தேய்த்து அணியுங்கள். துவைப்பதும் தேய்ப்பதும் ஒரு சாதிக்கென்று விதிக்கப்பட்ட தொழில் அல்ல. கையுள்ள எவரும் கற்கத்தக்க கைவேலை. தங்கைக்கும் தம்பிக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். மறுநாள் காலையில் அந்த உடையோடு வகுப்பில் அமரும்போது, சட்டைக்கும் ஏட்டுக்கும் ஒருங்கே தடை விதித்தவர்களுக்கு நாம் தரும் மறுமொழி அதுவே என்பதை நினைவிற்கொள்ளுங்கள். மடிப்பு மாலைக்குள் கலைந்துவிடும். அன்று கற்ற பாடம் கலையாது.