அறுபட்ட மூக்கும் நெற்றித் தோலும்

திருவாரூர்க் கோயிலில் கீழே கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள் பல்லவ அரசி. செருத்துணையார் அவள் மூக்கை அறுத்தார். பூவை எடுத்த கையை அல்லவா முதலில் வெட்டியிருக்க வேண்டும் என்று, கணவர் கழற்சிங்கர் கையையும் வெட்டினார். பெரியபுராணத்தில் இருவரும் நாயன்மார்கள். அரசிக்குப் பெயர்கூட இல்லை. அதன்பின் அவள் எந்த முகத்தோடு வாழ்ந்தாள் என்று கேட்க அங்கே யாருமில்லை.

பிறன்மனை உறவில் பிடிபட்ட பெண்ணுக்கு மூக்கையும் காதையும் அறுப்பதைத் தண்டனையாகச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். கன்னத்துத் தோலால் மூக்கை மீட்டெடுக்கும் வழியைச் சொல்கிறது சுஸ்ருத சம்ஹிதை. அறுக்கும் விதியும் ஒட்டும் விதியும் ஒரே மண்ணில், ஒரே மொழியில்!

ஐரோப்பா இதை அறிந்தது ஓர் ஆணின் முகத்தால். கவாஸ்ஜி, ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய மராட்டியர். 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு வரைந்தார். அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு காம்பை விட்டுவைத்தார். ரத்தம் ஓடுவது அந்தக் காம்பு வழியாகத்தான். அது அறுந்தால் தோல் செத்துவிடும். மடலை முறுக்கிக் கீழிறக்கிப் பொருத்தி, காசுக்கட்டி தடவிய துணிகளை மேலே போட்டார். சுமார் 25ஆம் நாள் காம்பு வெட்டப்பட்டது. 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' கவாஸ்ஜியின் படத்தோடு இதை வெளியிட்டது. 1814இல் லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதே முறையைச் செய்து பார்த்தார். கார்ப்யூவின் பெயர் நிலைத்தது. செங்கல்காரரின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை.

இந்தியாவில் இது அரிதான சிகிச்சை அல்ல என்கிறது அதே கட்டுரை. கை இவ்வளவு பழக எத்தனை முகங்கள் வேண்டியிருந்திருக்கும்? அவற்றில் போர்க்களத்தில் அறுபட்டவை எத்தனை, வீட்டுக்குள் அறுபட்டவை எத்தனை? வைத்தியம் கணக்கு வைத்ததில்லை. கவாஸ்ஜி முகத்தில் இருந்தது வீரத்தின் வடு. பெண் முகத்தில் அதே வடு அவள்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தின் அறிவிப்பு. அவள் எதற்காகப் படத்துக்கு உட்கார்வாள்?

2010 ஆகஸ்டில் ஒருத்தி உட்கார்ந்தாள். கணவன் வீட்டிலிருந்து தப்பி ஓடியதற்காக மூக்கும் காதுகளும் அறுக்கப்பட்ட ஆப்கன் பெண் ஆயிஷா, 'டைம்' இதழின் அட்டையில். பின்பு அமெரிக்காவில் அவள் நெற்றிக்குள் ஒரு பையை வைத்து, அதைச் சிறிது சிறிதாக நிரப்பித் தோலை வளர்த்தார்கள். மூக்குக்கான தோல் இம்முறையும் நெற்றியிலிருந்துதான் இறங்கியது. நெற்றி புடைத்திருந்த அந்த நாட்களின் படங்களும் வெளிவந்தன, அவள் பெயரோடு.